நாலே பொத்தான் வைத்த செயலிக்கு ‘பயன்பாடு போதாது’ என்று பதில்: கதவு யார் கையில் இருக்க வேண்டும்?

1. நாலுபொத்தான்

வணக்கம். இது புலம்பல்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, பதிலும் மனதில் இருக்கிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. இடது கைக் கட்டைவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். பேச்சுக்கு உதவும் செயலிகள் போனின் செயலிக் கடையில் நிறைய உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். திறந்ததும் நாற்பது படம், மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி, நடுவில் சந்தா கட்டச் சொல்லி ஒரு பலகை. அவர் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதனால் நானே ஒன்று எழுதினேன். திரை முழுக்க நாலே பொத்தான்: தண்ணீர், வலி, விளக்கு, இங்கே வா. தொட்டால் என் குரலில் சத்தமாகச் சொல்லும். அவ்வளவுதான். அமைப்புகள் பக்கம் கிடையாது, கணக்குத் திறக்க வேண்டாம், இணையம் வேண்டாம், யாருடைய தரவும் எங்கேயும் போகாது.

கடைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் நிராகரிப்பு. பயன்பாடு போதவில்லையாம், அம்சங்களைச் சேர்த்து மறுபடி அனுப்ப வேண்டுமாம். எது போதவில்லை என்று கேட்டு எழுதினேன். முதலில் வந்த அதே பத்தி எழுத்து மாறாமல் மறுபடி வந்தது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், அடுத்த முறையும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இதற்கிடையில் அப்பாவின் போனில் சோதனைப் பதிப்பைப் போட்டு வைத்திருந்தேன். அதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்த அன்று காலையில் நான் குளியலறையில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் மனுஷன் கட்டைவிரலால் ஐகானைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார். அது ஒரு நொடி திறப்பதுபோல் காட்டி மூடிக்கொள்கிறது. மறுபடி தொடுகிறார். எவ்வளவு நேரமாகத் தொட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

போன் அவருடையது, நிரல் என்னுடையது, குரலும் என்னுடையது. நடுவில் இன்னொருவர் அனுமதி எதற்கு? இதுதான் என் கேள்வி.

2. வேடிக்கை பார்ப்பவன்

ஐந்தாவதாக ஒரு பொத்தான் வைத்து அதில் ‘அம்சம்’ என்று எழுதி அனுப்புங்கள்.

3. பூட்டுச்சாவி

நாலுபொத்தான் அண்ணா, படிக்கும்போதே மனசு கனத்தது. அந்தப் பரிசீலகர் செய்தது மடத்தனம், அதில் வாதமே இல்லை. ஆனால் கடைசியில் கேட்டீர்களே ஒரு கேள்வி, அதற்கு மறு பக்கமும் உண்டு. நான் பணப் பரிவர்த்தனை மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், அங்கிருந்து சொல்கிறேன்.

என் சித்தியின் போனில் ஒருவன் அரட்டைச் செய்தியில் ஒரு ஏபிகே கோப்பு (கடைக்குப் போகாமலே ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினான். ‘கணக்கு முடக்கப்படும், உடனே நிறுவவும்’ என்று சொல்லி. சித்தி நிறுவினார். அது குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி கேட்டது, கொடுத்தார். அப்புறம் ஓடிபி எல்லாம் அவனுக்கு நேராகப் போனது. சேமிப்பு முழுவதும் இருபது நிமிடத்தில் காலி. அந்தக் கோப்பு கடை வாசல் வழியாக வர வேண்டியிருந்தால் இவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா?

உங்களுக்குக் கதவு இடைஞ்சல். சித்திக்கு அந்தக் கதவு இல்லாததுதான் பிரச்சினை. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்காக மட்டும் போன் செய்ய முடியாது.

4. அடிநிரல்

பூட்டுச்சாவி, இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

ஒரு செயலி இன்னொரு செயலியின் கோப்பைத் தொடக்கூடாது, கேட்காமல் மைக்கைத் திறக்கக்கூடாது, தொடர்பு எண்களை எடுக்கக்கூடாது. இதையெல்லாம் தடுப்பது பரிசீலகர் இல்லை, இயங்குதளம். சாண்ட்பாக்ஸ் என்பார்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை, அறைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வெளியே கை நீட்டினால் அனுமதிப் பலகை வரும். செயலி கடையில் வாங்கியதா, கோப்பாக வந்ததா என்று பார்க்காமல் இந்தச் சுவர் வேலை செய்யும். உங்கள் சித்தி விஷயத்தில் தோற்றது அதுதான். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியை அவ்வளவு எளிதாகக் கொடுக்கும்படி ஒரு பலகையை வைத்தார்கள் பாருங்கள், தவறு அங்கே.

இப்போது பரிசீலனைக்கு வருவோம். ஆப்பிள் தன் பக்கத்திலேயே பெருமையாக எழுதி வைத்திருந்தது: 500க்கு மேற்பட்ட வல்லுநர்கள், வாரத்துக்கு 1,00,000 செயலிகளும் அப்டேட்களும். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு வாரம் 200. ஐந்து நாள் வேலை என்றால் நாளுக்கு 40. எட்டு மணி நேரம் தலை நிமிராமல் பார்த்தாலும் ஒன்றுக்கு 12 நிமிடம். இயந்திரம் முதலில் சலித்துக் கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் மூல நிரலை யாரும் படிப்பதில்லை, மூல நிரலை நாம் அனுப்புவதும் இல்லை. திறந்து பார்ப்பார்கள், இரண்டு மூன்று திரையைத் தட்டுவார்கள், விலை போட்டிருக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். பரிசீலகர் பார்க்கும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, வெளியே வந்தபின் சர்வரிலிருந்து வேறு முகம் காட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

2021 மார்ச்சில் வெளியே வந்த கதை ஒன்று. டிரெசர் என்பது கிரிப்டோ சாவிகளை வைத்துக்கொள்ளும் சிறு கருவி. அதே பெயரில் ஒரு போலிச் செயலி ஆப் ஸ்டோருக்குள் புகுந்திருந்தது. ஒருவர் அதை நம்பி ரகசியச் சொற்களைத் தட்டினார். 17.1 பிட்காயின் போனது, அன்றைய மதிப்பில் சுமார் 6,00,000 டாலர். கடைக்குள் இருந்ததால்தான் நம்பினார். 2024 பிப்ரவரியில் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் செயலிக்கு ‘லாஸ்பாஸ்’ (LassPass) என்று ஓரெழுத்து மாற்றிய போலி, அதே கடையில். அங்கே பன்னிரண்டு நிமிடம் தூங்கிவிட்டு, நாலு பொத்தான் செயலிக்கு முன்னால் விழித்துக்கொள்கிறார்கள்.

5. பூட்டுச்சாவி

இரண்டு போலி நுழைந்தது என்பதற்காகக் காவலே வேண்டாம் என்று சொல்வது என்ன கணக்கு? எத்தனை போலி வாசலிலேயே திரும்பியது என்பதையும் பார்க்க வேண்டாமா. இணையத்திலிருந்து நேரடியாக நிறுவும் செயலிகளில், ப்ளே ஸ்டோரில் இருப்பதைப்போல் 50 மடங்குக்கு மேல் தீங்குநிரல் இருப்பதாக கூகுள் 2025இல் சொன்னது. சொல்வது கடைக்காரர்தான், தெரியும், பாதி தள்ளிவிட்டே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 25 மடங்கு.

அனுமதிப் பலகை பற்றிச் சொன்னீர்கள். சித்தி எந்தப் பலகை வந்தாலும் ‘சரி’ என்றுதான் தட்டுவார். மருத்துவமனையில் நீட்டும் எல்லாத் தாளிலும் நாம் கையெழுத்துப் போடுவதில்லையா? அதேதான்.

6. பழங்கணக்கு

இந்தச் சண்டை பதினேழு வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய பேரேட்டைப் புரட்டுகிறேன்.

2007இல் ஐஃபோன் வந்தபோது கடையே கிடையாது. வெளியார் நிரல் போட வழியில்லை. இணையப் பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள், அதுவே போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். பூட்டை உடைத்து நிரல் போட ஒரு கூட்டம் கிளம்பியது. 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. நிரலாளர்களுக்கு அப்போது அது சொர்க்கவாசல். அதற்கு முன்னால் ஒரு விளையாட்டைப் போனில் கொண்டுவர வேண்டுமென்றால் ஒவ்வொரு தொலைபேசி நிறுவனத்தின் வாசலிலும் தனித்தனியாகத் தவம் கிடக்க வேண்டும், அவர்கள் எடுத்துக்கொண்ட பங்கும் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் காலத்தை மறந்துவிட்டு ஆப்பிள் விற்பனையில் எடுத்துக்கொள்ளும் 30 சதவீதத்தை மட்டும் பேசுவது நியாயமில்லை.

ஆனால் உரசல் முதல் மாதமே தொடங்கியது. ‘ஐ ஆம் ரிச்’ என்று ஒரு செயலி, திரையில் ஒரு சிவப்புக் கல் மின்னும், வேறு எதுவும் செய்யாது, விலை 999.99 டாலர். எட்டுப் பேர் வாங்கினார்கள். தூக்கிவிட்டார்கள். (பயன்பாடு போதாது என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான செயலி பிறக்கவில்லை. அதை முதலில் உள்ளே விட்டதும் அதே பரிசீலனைதான்.) அடுத்த மாதம் ‘பாட்காஸ்டர்’ நிராகரிக்கப்பட்டது. காரணம், ஆப்பிளின் சொந்த ஐட்யூன்ஸ் செய்யும் வேலையையே அதுவும் செய்கிறதாம். 2009இல் கூகுள் வாய்ஸ் என்ற தொலைபேசிச் செயலிக்கும் கதவு திறக்கவில்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ‘ஏன்?’ என்று கடிதம் எழுதிக் கேட்டது. நாங்கள் நிராகரிக்கவில்லை, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்ற ரீதியில் ஆப்பிள் பதில் போட்டது. யோசித்து முடிக்க 2010 நவம்பர் ஆனது.

எனக்குப் பிடித்த கதை மார்க் ஃபியோரேயுடையது. கேலிச்சித்திரக்காரர். அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்கிறது என்று அவருடைய செயலியை 2009 டிசம்பரில் திருப்பி அனுப்பினார்கள். 2010 ஏப்ரலில் அதே மாதிரிச் சித்திரங்களுக்காக அவருக்கு இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. உடனே மறுபடி அனுப்பச் சொல்லி அழைப்பு, சில நாளில் அனுமதி. நாலுபொத்தான் தம்பி, உங்களுக்கும் ஒரு புலிட்சர் கிடைத்தால் வேலை முடிந்தது.

இன்னொன்று. கடை திறந்து இரண்டு வருடத்துக்கு மேல் விதிப் புத்தகமே வெளியில் வரவில்லை. 2010 செப்டம்பரில்தான் வெளியிட்டார்கள். அதுவரை நிராகரிப்புக் கடிதங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துத்தான் விதி இதுவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருந்தோம்.

7. கல்லாப்பெட்டி

எல்லோரும் பாதுகாப்பு பாதுகாப்பு என்கிறீர்கள். கல்லாவைப் பாருங்கள்.

2020 ஜூனில் ‘ஹே’ என்ற மின்னஞ்சல் செயலி. முதல் பதிப்பு அனுமதியோடு கடைக்கு வந்துவிட்டது. பிழை திருத்தி அனுப்பிய அடுத்த பதிப்பு நிராகரிக்கப்பட்டது. தீங்குநிரலா? இல்லை. தனியுரிமைக் குற்றமா? இல்லை. சந்தாவை ஆப்பிள் வழியாக விற்கவில்லை, அதுதான் குற்றம். அந்த 30 சதவீதம் தங்கள் பெட்டிக்கு வரவில்லை. அவர்கள் ஊர் கூட்டிச் சத்தம் போட்டதால் ஒரு சமாதானம் நடந்தது. சத்தம் போடத் தெரியாதவர்கள் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு கட்டினார்களோ.

அமேசானின் மின்னூல் செயலியான கிண்டிலில், ஐஃபோனில் புத்தகம் வாங்கும் பொத்தான் பல வருஷம் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எங்கே போய் வாங்குவது என்று செயலிக்குள் சொல்லக்கூட முடியாது. புத்தகத்தைப் படிக்க ஒரு செயலி, வாங்க ஒரு உலாவி. வாசகருக்கு இதில் என்ன பாதுகாப்பு கிடைத்தது? 2025 மே மாதம் அமெரிக்காவில் அந்தப் பொத்தான் வந்தது, அதுவும் நீதிமன்றம் போட்ட உத்தரவால்.

அந்த வழக்கு எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் போட்டது. 2020 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் என்ற தன் விளையாட்டில் சொந்தக் கட்டண வழியைச் சொருகியது, அன்றே கடையிலிருந்து தூக்கப்பட்டது, அன்றே வழக்கும் தயாராக இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த தீர்ப்பில் பத்துக் குற்றச்சாட்டில் ஒன்பது ஆப்பிளுக்குச் சாதகம், அதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த ஒன்று: வெளியே வாங்கும் வழியைச் சொல்லக்கூடாது என்று தடுப்பது தவறு. சரி, சொல்லிக்கொள்ளுங்கள் என்றது ஆப்பிள். சொன்னால் 27 சதவீதம் கட்டுங்கள் என்றது. 30க்குப் பதில் 27! 2025 ஏப்ரலில் நீதிபதி, இது வேண்டுமென்றே செய்த உத்தரவு மீறல் என்று எழுதினார்.

காவலுக்குச் சம்பளம் கொடுக்க எனக்கும் சம்மதம்தான். காவல்காரரே பக்கத்தில் கடையும் போட்டிருந்தால், என் சரக்கைச் சோதிக்கிறாரா, விலை விசாரிக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

8. அடிநிரல்

கல்லாப்பெட்டி சொன்னதன் கடைசி வரி. எஃப்.லக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? இரவில் திரையின் நீல ஒளியைக் குறைக்கும். 2015 நவம்பரில், கடைக்கு வெளியே நிறுவ அவர்கள் கொடுத்திருந்த வழியை நிறுத்தச் சொன்னது ஆப்பிள். 2016 மார்ச்சில் ஆப்பிளே நைட் ஷிஃப்ட் என்று அதே வசதியை விட்டது. பிள்ளைகள் போன் பார்க்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் செயலிகளுக்கும் இதே மாதிரிதான். 2018இல் ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் வந்தது, அதை ஒட்டிப் பல செயலிகள் அகற்றப்பட்டன, சிலவற்றுக்குக் கை கால் வெட்டப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய நுட்பம் தனியுரிமைக்கு ஆபத்து என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தில் உண்மையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நிறுவனங்கள் தங்கள் ஊழியர் போன்களைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் வழி அது, குழந்தையின் போனில் வைக்கத் தக்கதல்ல. சிக்கல் என்னவென்றால், உண்மையான காரணமும் சௌகரியமான காரணமும் ஒரே கடிதத்தில் வரும்போது பிரித்துப் பார்க்க நமக்கு வழி இல்லை.

9. எட்டாம் பக்கம்

பணமும் பாதுகாப்பும் பேசியாயிற்று. எனக்குத் தூக்கம் கெடுப்பது வேறு.

ஒரே கதவு இருந்தால் அந்தக் கதவை மூடச் சொல்வது அரசுக்குச் சுலபம். 2017இல் சீனாவின் ஆப் ஸ்டோரிலிருந்து, இணையத் தடையைச் சுற்றிப்போக உதவும் விபிஎன் செயலிகள் போயின. 2019 அக்டோபரில் ஹாங்காங் போராட்ட சமயத்தில் போலீஸ் நிற்கும் இடத்தைக் காட்டும் ‘ஹெச்கேமேப் லைவ்’ என்ற வரைபடச் செயலி. முதலில் நிராகரித்தார்கள், அப்புறம் அனுமதித்தார்கள், சீன அரசுப் பத்திரிகை கண்டித்ததும் எடுத்துவிட்டார்கள். சில வாரத்துக்குள் மூன்று முடிவு. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தலின் முதல் வாக்குப்பதிவு நாளில் எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி தரப்பின் ‘ஸ்மார்ட் வோட்டிங்’ செயலியை ஆப்பிளும் கூகுளும் சேர்ந்தே எடுத்தன. ஜனநாயக நாடுகளில் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2025 அக்டோபர்: குடியேற்றத் துறை அதிகாரிகள் நடமாட்டத்தைத் தெரிவிக்கும் ‘ஐஸ்பிளாக்’ செயலி அமெரிக்க நீதித்துறை கேட்டதும் அகற்றப்பட்டது.

இந்தச் செயலிகள் நல்லவையா கெட்டவையா என்று நான் வாதம் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிராக நேர்மையான காரணம் சொல்கிறவர்கள் இருக்கலாம். ஒரு நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கோடிக்கணக்கான போன்களில் ஒரு பொருள் கிடைக்காமல் போகிறது, வேறு வாசல் இல்லை. அச்சகம் ஒன்றே ஒன்று இருக்கும் ஊரைப்போல.

பூட்டுச்சாவி, உங்கள் சித்திக்குக் கதவு கட்டித்தருகிற கொத்தனார், சாவியின் நகலை யார் யாருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

10. வேடிக்கை பார்ப்பவன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஆண்ட்ராய்டு வாங்குங்கள், விஷயம் முடிந்தது.

11. அடிநிரல்

முடியவில்லை. 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்ததைப் பாருங்கள். அங்கீகரித்த ஆண்ட்ராய்டு போன்களில், கடைக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலியாக இருந்தாலும், எழுதியவர் தன் அடையாளத்தை கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், பிறகு மற்ற நாடுகள். கட்டற்ற செயலிகளை மட்டும் வைத்திருக்கும் எஃப்-டிராய்டு, இது எங்கள் கழுத்துக்கே கத்தி என்றது. எதிர்ப்பு கிளம்பிய பின், ஆபத்து தெரிந்தே நிறுவுகிறவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்று நவம்பரில் கூகுள் சொன்னது. அந்த வழி எத்தனை படி ஏறி இறங்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

12. பூட்டுச்சாவி

இதில் எனக்குத் தவறே தெரியவில்லை. செயலியின் உள்ளடக்கத்தைப் பார்க்கப்போவதில்லை என்கிறார்கள், யார் எழுதியது என்று மட்டும்தான் கேட்கிறார்கள். சித்தியிடம் திருடியவன் நாளைக்கு வேறு பெயரில் வருவான். ஒருமுறை மாட்டினால் மறுபடி வர முடியாதபடி செய்ய ஏதாவது வேண்டாமா?

ஆனால் எட்டாம் பக்கம் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வரைபடச் செயலி எழுதியவர் பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தால் எழுதியிருக்கவே மாட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

13. மட்டுறுத்துநர்

ஆப்பிள்காரர் ஆண்ட்ராய்டுகாரர் சண்டையாக வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த போன் உசத்தி என்று பேச வேறு இழை இருக்கிறது. நீக்கியதற்கு விளக்கம் வேண்டுமென்றால் தனிமடலில் கேளுங்கள், பதில் வரும்.

14. வேடிக்கை பார்ப்பவன்

பாருங்கள், விளக்கம் கிடைக்கும் கடை ஒன்றாவது இருக்கிறது.

15. பழங்கணக்கு

ஐரோப்பாவை யாரும் தொடவில்லையே. டிஜிட்டல் சந்தைகள் சட்டம், 2024 மார்ச் 7 முதல் ஆப்பிளுக்கு நடைமுறை. ஐஃபோன் இயங்குதளத்தின் ஐஓஎஸ் 17.4 பதிப்பில் மாற்றுக் கடைகளுக்கு வழி வந்தது. ஏப்ரலில் ‘ஆல்ட்ஸ்டோர் பால்’ என்ற மாற்றுக் கடை திறந்தது. அங்கே போகும் செயலியையும் ஆப்பிள் ஒருமுறை பார்க்கிறது, நோட்டரைசேஷன் என்று பெயர். தீங்குநிரல் இல்லையா, சொன்ன வேலையைச் செய்கிறதா என்ற அளவில். ரசனை, தொழில்போட்டி இதெல்லாம் விதிப்படி அந்தப் பரிசோதனையில் வராது. அடிநிரல் முதலில் சொன்னாரே, இரண்டு வேறு வேலை என்று, அதைப் பிரிக்க முடியும் என்பதற்கு இது நடைமுறைச் சான்று. ஆப்பிளே பிரித்துக் காட்டிவிட்டது.

கட்டணத்தில் மட்டும் பழைய புத்தி போகவில்லை. ஒரு வருடத்தில் பத்து லட்சம் முதல் நிறுவல்களைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 0.50 யூரோ என்றார்கள். தொடக்கத்தில் போட்ட அந்த விதிப்படி, இலவசமாகக் கொடுக்கும் செயலி பிரபலமானால் எழுதியவர் திவால்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு மறக்காது. பழைய விளையாட்டுக் கருவிகளைப்போல் நடித்து அவற்றின் விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர்களை ஆப் ஸ்டோரில் பதினைந்து வருடத்துக்கு மேல் விடவில்லை. ஆல்ட்ஸ்டோர்காரர்கள் டெல்டா என்ற எமுலேட்டரோடு தங்கள் கடையைத் திறக்கத் தயாராக நின்ற நேரம், 2024 ஏப்ரல் தொடக்கத்தில், ஆப்பிளின் விதி திடீரென்று மாறியது. எமுலேட்டர் வரலாம் என்று. அதே மாதம் டெல்டா ஆப்பிளின் சொந்தக் கடையிலேயே இறங்கி, இலவசப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. அதுவரை சொன்ன ஆபத்தெல்லாம் ஒரே வாரத்தில் எங்கே போனது? எதிரில் ஒரு கடை திறந்தது, அவ்வளவுதான்.

16. பூட்டுச்சாவி

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். தீங்கு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எல்லோருக்கும் கட்டாயமாக இருக்கட்டும், ‘இது போதுமான செயலியா’ என்று பார்ப்பது கடைக்காரர் தன் அலமாரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். சித்தி அந்த அலமாரியிலிருந்தே எடுக்கட்டும். நாலுபொத்தான் அண்ணா வேறு வழியாகப் போடட்டும். சித்தியின் போனில் அந்த வேறு வழியை மூடிவைக்கும் உரிமை எனக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை.

17. எட்டாம் பக்கம்

உங்கள் சித்தி கையில் அந்த உரிமை இருக்க வேண்டும் என்று திருத்திக்கொள்ளுங்கள். மற்றபடி சம்மதம்.

18. பூட்டுச்சாவி

சித்தியிடம் கேட்டேன். ‘எனக்கெதுக்குடா, நீயே வெச்சுக்கோ’ என்றார்.

19. கல்லாப்பெட்டி

நாலுபொத்தான் எங்கே ஆளைக் காணோம்? இழையைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு என்ன ஆயிற்று?

20. நாலுபொத்தான்

மன்னிக்கவும், மருத்துவமனை, வீடு என்று அலைச்சல். எல்லாவற்றையும் படித்தேன்.

முதல் வாரம் ஜாப்ஸ் 2007இல் சொன்ன வழியில்தான் போனேன். இணையப் பக்கமாக எழுதி, முகப்புத் திரையில் ஐகானாக வைத்தேன். யார் அனுமதியும் வேண்டாம். வேலை செய்தது. ஆனால் அப்பாவின் கட்டைவிரல் கொஞ்சம் இழுபடும், அந்த இழுப்பில் பக்கம் நகர்ந்து பொத்தான் விரலுக்கு அடியிலிருந்து விலகிப்போகும். நிரலில் தடுத்தேன், பாதி சரியானது. சில சமயம் முதல் தொடலுக்குக் குரல் வராது, இரண்டாவதற்குத்தான் வரும். ‘வலி’ என்பதை ஒருவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கக் கூடாது.

மேல்முறையீடு செய்தேன். இந்த முறை வாதம் எதுவும் எழுதவில்லை. அப்பா செயலியைப் பயன்படுத்துவதை நாற்பது நொடி படம் எடுத்து இணைத்தேன். முகம் தெரியாமல், கையும் திரையும் மட்டும். அவர் ‘விளக்கு’ என்று தொடுகிறார், அம்மா எழுந்து போய் விளக்கை அணைக்கிறார், படம் இருட்டாகிவிடுகிறது. இரண்டு நாளில் அனுமதி வந்தது. நிரலில் ஒரு எழுத்து மாற்றவில்லை. வேறு பரிசீலகர் பார்த்திருக்க வேண்டும். நன்றி சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். கடையில் இருப்பதால் இப்போது முன்பின் தெரியாத பதினோரு பேர் போட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்குக் கடை எனக்கு நல்லது செய்திருக்கிறது. ஆனால் என் அப்பாவின் போனில் அது ஓடுவதற்கு அவருடைய கையைப் படம் பிடித்து ஒரு அந்நியருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அது மட்டும் உள்ளே உறுத்துகிறது.

21. பூட்டுச்சாவி

இணைப்பு தாருங்கள் அண்ணா. பன்னிரண்டாவது ஆளாக நான் போடுகிறேன்.

22. நாலுபொத்தான்

தனிமடலில் அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் பொறுத்துப் போட்டால் நல்லது, புதுப் பதிப்பு வருகிறது. அப்பா ஐந்தாவது பொத்தான் கேட்கிறார். எழுத்துப் பலகையில் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார்: ‘போதும்’. நாங்கள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறோமாம்.

23. அடிநிரல்

பொத்தானில் இருக்கும் சொல்லைப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி ஒரு சின்ன வசதி வைத்துவிடுங்களேன். ஒவ்வொரு சொல்லுக்கும் புதுப் பதிப்பு அனுப்ப வேண்டியிருக்காது.

24. நாலுபொத்தான்

வைத்தாயிற்று. நேற்று அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது.